பேச்சு–மொழிச் சிகிச்சை முதுகலை: ஏப்ரல் 15 வரை காத்திருப்பதும், வந்த இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும்

நாள்காட்டியில் பிப்ரவரி சின்ன மாதம். அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி முதுகலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவரைக் கேட்டால், ஆண்டிலேயே நெடிய மாதம் அதுதான் என்பார். விண்ணப்பம் போய்விட்டது, பரிந்துரைக் கடிதங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் செய்ய வேண்டிய வேலையெல்லாம் இந்த வாரங்களில்தான் இருக்கிறது. கடிதம் வந்த பிறகு பத்து நாள் அவசரத்தில் செய்தால் தப்பாகிவிடும். எனக்கு ஆகியது.

நான் சென்னையில் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு–செவித்திறன் இளநிலைப் பட்டம் முடித்து, திருமணத்துக்குப் பின் எச்-4 என்ற வாழ்க்கைத்துணை விசாவில் நியூ ஜெர்சிக்கு வந்தவள். ஆஷா எனப்படும் அமெரிக்கப் பேச்சு–மொழி–செவித்திறன் சங்கம் சில நாடுகளின் சான்றிதழ்களை ஏற்க ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதில் இந்தியா இல்லை. ஆகவே இங்கே முதுகலைக்கு விண்ணப்பித்தேன். ஒன்பது இடங்களில் இரண்டு இடம் கொடுத்தன, ஒன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்தது, ஆறு மறுத்துவிட்டன. ஒவ்வொரு வசந்த காலத்திலும் "அக்கா, கடிதம் வந்திருக்கிறது, என்ன செய்வது?" என்று அழைக்கும் பெண்களுக்குத் தொலைபேசியில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சிஎஸ்டிகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகவே விண்ணப்பம் பெறுகின்றன. விண்ணப்பம்தான் பொது; முடிவு பொது அல்ல. ஒவ்வொரு துறையும் தனியாகக் கூடி, தனக்குத் தோதான நாளில் முடிவைச் சொல்லும். சில கடிதங்கள் பிப்ரவரி நடுவிலேயே வரும், அதிகமானவை மார்ச்சில் வரும். ஒரே துறை கூட முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று பிரித்து அனுப்புவதுண்டு. தோழிக்கு ஓர் இடத்திலிருந்து கடிதம் வந்து உங்களுக்கு வராமல் இருந்தால், உங்களை மறுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்து ஏப்ரல் 15. இந்த நாளைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டு ஏமாறுபவர்கள் அதிகம். கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற கூட்டமைப்பு ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் உங்களுக்கு நிதியுதவி கொடுத்தால், ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லியாக வேண்டும் என்று உங்களை நெருக்கக் கூடாது. கையெழுத்திட்டவற்றின் பட்டியல் அந்தக் கூட்டமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது. கவனியுங்கள்: தீர்மானம் நிதியுதவியைப் பற்றியது. வெறும் அனுமதிக் கடிதத்துக்கு அந்தக் காப்பு இல்லை. பல துறைகள் அனுமதிக்கும் அதே நாளை வைத்துக்கொள்கின்றன; சில, மார்ச்சிலேயே பதிலும் முன்பணமும் கேட்கின்றன.

எனக்கு முதலில் இடம் கொடுத்தது அப்படி ஒரு துறை. பத்து நாளில் பதில், சில நூறு டாலர் முன்பணம், திரும்ப வராது. இடம் கைநழுவிவிடும் என்ற பயத்தில் ஒன்பதாம் நாள் இரவு பணத்தைக் கட்டினேன். பிறகு நான் அங்கே போகவில்லை. பணம் போனது போனதுதான். அதே கடிதம் வந்த இன்னொரு பெண்ணைப் பின்னால் சந்தித்தேன். அவள் ஒரு மின்னஞ்சல் எழுதி, ஏப்ரல் 15 வரை நாள் வாங்கியிருந்தாள். கேட்டால் கிடைக்கும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஆகவே சீக்கிரம் பதில் கேட்கும் கடிதம் வந்தால் இப்படி எழுதுங்கள்: "இடம் தந்ததற்கு மிக்க நன்றி. உங்கள் துறையில் சேர எனக்கு உண்மையான விருப்பம் இருக்கிறது. வேறு இரண்டு இடங்களின் முடிவும் நிதி விவரமும் இன்னும் வரவில்லை. ஏப்ரல் 15 வரை அவகாசம் தர முடியுமா?" அவ்வளவு போதும், காரணங்களை அடுக்க வேண்டாம். மறுத்தாலும் கொடுத்த இடத்தைப் பறிக்க மாட்டார்கள். பழைய கெடு அப்படியே இருக்கும். அன்றே மற்றத் துறைகளுக்கும் எழுதி, "இன்ன தேதிக்குள் ஓரிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

காத்திருக்கும் வாரங்களில் ஒரு தாள் தயார் செய்யுங்கள்

விண்ணப்பித்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரி. ஆஷாவின் தளத்தில் எட்ஃபைண்ட் என்ற தேடுபகுதி இருக்கிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள் என்ற விவரம் அதில் கிடைக்கும். அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் பெயர் சி.ஏ.ஏ. அதன் விதிப்படி ஒவ்வொரு துறையும் மூன்றாண்டு விளைவுகளைத் தன் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்: குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள், பிராக்சிஸ் என்ற தொழில் தகுதித் தேர்வில் தேறியவர்கள், வேலை கிடைத்தவர்கள். மூன்றாண்டுச் சராசரியில் படிப்பை முடிப்பவர்களும் தேர்வில் தேறுபவர்களும் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சி.ஏ.ஏ. வைத்திருக்கும் அளவு. தேர்வு எண்ணைவிட, முடித்தவர்களின் எண்ணை உற்றுப் பாருங்கள். முப்பது பேர் சேர்ந்து இருபத்து நான்கு பேர் முடித்திருந்தால், மற்ற ஆறு பேர் எங்கே போனார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அங்கீகாரத்தையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். புதிதாகத் தொடங்கிய படிப்புகள் முழு அங்கீகாரத்துக்கு முந்தைய "கேண்டிடசி" என்ற நிலையில் இருக்கும். சி.ஏ.ஏ. அந்த நிலையை வழங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். அங்கே முடித்தவர்களும் ஆஷாவின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். "அந்த நிலைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்று மட்டும் சொல்லும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதை நானும் செய்தேன். எந்த அலுவலகமும் அந்த நேரத்தில் கடிதம் அனுப்பாது. ஒரு நாளைக்கு இரு முறை, மதியம் ஒன்று, மாலை ஐந்தரைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. குப்பை மின்னஞ்சல் பெட்டியையும் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். சில இடங்கள் மின்னஞ்சலே அனுப்பாமல் கணக்கில் மட்டும் முடிவைப் போட்டுவிடும்.

காத்திருப்போர் பட்டியல்

இது நாகரிகமான நிராகரிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் துறையில் அப்படி இல்லை. ஒரே மாணவர் நான்கைந்து இடங்களைக் கையில் வைத்திருப்பார். ஏப்ரல் 15 நெருங்கும்போது அவற்றை விடுவிப்பார். அந்த வாரத்தில் பட்டியல் வேகமாக நகரும். கோடையிலும் ஓரிருவர் விலகுவார்கள், ஆகஸ்டில் அழைப்பு வந்து சேர்ந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

பட்டியலில் வைத்திருப்பதாகக் கடிதம் வந்ததும், தொடர்ந்து விருப்பம் இருப்பதை ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். பட்டியலுக்கு வரிசை எண் உண்டா, உண்டென்றால் நீங்கள் எத்தனையாவது, சென்ற ஆண்டு எத்தனையாவது ஆள் வரை அழைத்தார்கள் என்று கேளுங்கள். சிலர் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள். விண்ணப்பித்த பிறகு புதிதாக ஏதாவது நடந்திருந்தால், பருவத் தேர்வு மதிப்பெண்ணோ புதிய தன்னார்வப் பணியோ, மூன்று வரியில் தெரிவியுங்கள். வாரம் ஒரு கடிதம் போட வேண்டாம். மார்ச் கடைசியில் ஒன்று, ஏப்ரல் 15-க்கு அடுத்த நாள் ஒன்று என்றால் போதும்.

அழைப்பு வந்தால் 24 அல்லது 48 மணி நேரம்தான் கொடுப்பார்கள். அதனால் "இந்த இடம் வந்தால் போவேனா, எவ்வளவு நிதியுதவி இருந்தால் போவேன்" என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். கையில் வேறோர் இடம் இருந்தால் அதைக் கெடுவுக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டியலை மட்டும் நம்பி இலவு காத்த கிளியாக இருக்க வேண்டாம்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயருக்கு இந்தத் தொழிலில் மிகக் குறைந்த விலைதான். ஆஷாவின் சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி பிறர் செய்வதைப் பார்ப்பது. 375 மணி சிகிச்சை பெறுபவரோடு நேரடியாக. 325 மணியை, அங்கீகாரம் பெற்ற முதுகலையில் படிக்கும்போதே செய்திருக்க வேண்டும். சென்னையில் நான் செய்த ஓராண்டு இன்டர்ன்ஷிப்பை இந்த 325-ல் கழித்துக்கொள்ள வழியில்லை. பிராக்சிஸ் தேர்வில் 162 மதிப்பெண். படிப்பு முடிந்ததும் கிளினிக்கல் ஃபெலோஷிப் என்ற மேற்பார்வையோடு கூடிய வேலை, குறைந்தது 36 வாரம், 1,260 மணி. ஊரறிந்த தனியார் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் யாரும் கேள்விப்படாத மாநிலக் கல்லூரியில் படித்தவருக்கும் இதே அளவுகோல், இதே சான்றிதழ். யு.எஸ். நியூஸ் வெளியிடும் பல்கலைக்கழகத் தரவரிசையும், மற்றக் கல்லூரிகளின் துறையினர் கொடுக்கும் மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் போடப்படுவது. பயிற்சியில் உங்கள் பக்கத்தில் யார் உட்காருவார் என்பது அதில் வராது.

ஆனால் எல்லாம் அந்த ஆளில்தான் இருக்கிறது. முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். எனக்கு இடம் கொடுத்த இரண்டாவது துறைக்கு, மார்ச் கடைசியில், மழை நாளில் போனேன். வளாகச் சிகிச்சையகத்தில், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். உள்ளே ஐந்து வயதுப் பையன் ஒருவன், எதிரில் முதலாண்டு மாணவி. படம் போட்ட அட்டைகளை அவள் வரிசையாக வைத்தாள். மூன்றாவது அட்டையில் பையன் நாற்காலியிலிருந்து வழுக்கி மேசைக்கு அடியில் போய்விட்டான். மாணவி குனிந்து கூப்பிட்டாள், கெஞ்சினாள், ஸ்டிக்கர் காட்டினாள். அவள் கழுத்து சிவந்துபோனது எனக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. மேற்பார்வையாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்து, ஓர் அட்டையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். அட்டை திரும்பி வந்தது. இன்னொன்றைத் தள்ளினார். மாணவிக்குப் புரிந்துவிட்டது, அவளும் தரையில் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். மிச்ச நேரம் முழுவதும் சிகிச்சை மேசைக்கு அடியில் நடந்தது. முடிந்தபின் அவர் மாணவியிடம் கேட்டது ஒரே கேள்வி: "அடுத்த வாரம் எங்கே தொடங்கப் போகிறாய்?"

அன்று ரயிலில் திரும்பும்போதே என் முடிவு பாதி ஆகிவிட்டது.

நேரில் போக முடியாதவர்கள் இப்போது படிக்கும் மாணவர் இருவரிடம் பேசுங்கள். துறை தேர்ந்தெடுத்துத் தரும் ஒருவர், நீங்களாகத் தேடிப் பிடித்த ஒருவர். கேட்க வேண்டியதில் முக்கியமானது வெளிப் பயிற்சி. பள்ளி, மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம் என்று கடைசிப் பருவங்களில் அனுப்புவார்களே, அந்த இடங்களைத் துறை ஏற்பாடு செய்கிறதா, மாணவர் தாமே தேடிக்கொள்ள வேண்டுமா? பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்கள், விழுங்க முடியாதவர்கள் ஆகியோரோடு வேலை செய்ய ஆசைப்படுபவர் என்றால் இதை இரண்டு முறை கேளுங்கள். மருத்துவமனை இடங்கள் குறைவு. வகுப்பில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, எதை வைத்துப் பிரித்தார்கள், பேரியம் எக்ஸ்ரே மூலம் விழுங்குவதைச் சோதிக்கும் இடத்தில் நிற்கவாவது வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். "முயற்சி செய்வோம்" என்ற பதிலுக்கும் "சென்ற ஆண்டு இருபத்தெட்டுப் பேரில் பதினெட்டுப் பேர் போனார்கள்" என்ற பதிலுக்கும் உள்ள தூரம் உங்களுக்கே விளங்கும்.

கார் பற்றியும் கேளுங்கள். இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. பயிற்சியிடம் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கலாம், காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் பஸ் இருக்காது. எனக்கு முதியோர் இல்லம் ஐம்பது மைலுக்கு அப்பால் கிடைத்தது. டிசம்பர் பனியில் அந்தச் சாலையில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் போன்ற நிலை உங்களுக்கு வேண்டாம். ஓட்டுநர் உரிமம் இல்லையென்றால் இந்தக் காத்திருப்பு வாரங்களிலேயே வகுப்புக்குப் போங்கள்.

பணம்

ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். சில படிப்புகள் ஐந்து பருவம், சில ஆறு. கோடைப் பருவத்துக்குத் தனிக் கட்டணம். ஆகவே சேரும் நாளிலிருந்து பட்டம் வாங்கும் நாள் வரை மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். வாடகை, மருத்துவக் காப்பீடு, காருக்கு எரிபொருள், தடுப்பூசி, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் சேர வேண்டும். வேறு துறையில் இளநிலை முடித்தவர்களுக்கு முன்தேவைப் பாடங்களால் ஓராண்டு வரை கூடும், அதையும் சேருங்கள். அந்தத் தொகையை ஊதியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே கணக்குப்படி இந்தத் தொழிலின் இடைநிலை ஆண்டு ஊதியம் 89,290 டாலர். ஃபெலோஷிப் ஆண்டில் பலருக்கும் அதைவிடக் குறையும்.

குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். படிப்புச் செலவு முழுவதையும் அரசுக் கடனாகவே வாங்க உதவிய கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. பொதுவான முதுகலைப் படிப்புக்கு இனி ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர்தான் உச்சம். மிச்சத்துக்குத் தனியார் கடன் என்றால் வட்டி கையைக் கடிக்கும். பழைய மாணவர்கள் "எல்லாம் கடனில் சமாளித்துவிடலாம்" என்று சொல்வதை இனி அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நிதியுதவிக் கடிதத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ஓராண்டுக்கா, படிப்பு முழுவதற்குமா? கட்டணத் தள்ளுபடி உண்டா, மாதப் பணம் மட்டுமா? மத்தியக் கல்வித் துறையின் சிறப்புக் கல்விப் பயிற்சி மானியம் என்றால், பெறும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டாண்டு சிறப்புக் கல்வி தொடர்பான பணி செய்யக் கடமை உண்டு. செய்யாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். நல்ல வாய்ப்புதான், தெரிந்து கையெழுத்திடுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு

எச்-4-ல் படிக்கலாம். ஆனால் பணி அனுமதி அட்டை இல்லாமல் பல்கலைக்கழகத்தின் ஊதியமுள்ள உதவியாளர் வேலையை ஏற்க முடியாது. பின்னால் வரும் ஃபெலோஷிப்பும் ஊதிய வேலைதான். எஃப்-1 என்ற மாணவர் விசா என்றால் படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி 12 மாதம்; 36 வார ஃபெலோஷிப் அதற்குள் அடங்கும், ஆனால் தொடங்கத் தாமதித்தால் நெருக்கடி. அறிவியல்–தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் இரண்டாண்டு நீட்டிப்பு இந்தப் படிப்புக்கு இல்லை. முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவே இருந்தாலும் எஃப்-1 மாணவருக்கு ஆகாது. முன்பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்த மாநிலத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. நியூயார்க் பள்ளிகளில் வேலைக்கு டி.எஸ்.எஸ்.எல்.டி. என்ற ஆசிரியர் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கான பாடங்கள் சில துறைகளில் படிப்போடு சேர்ந்தே வரும், சிலவற்றில் வராது.

எங்குமே கிடைக்கவில்லையென்றால்

அது நடக்கிறது, நல்ல மாணவர்களுக்கும் நடக்கிறது. மறுத்த துறைகளில் இரண்டுக்கு எழுதி, விண்ணப்பத்தில் எது குறைந்தது என்று கேளுங்கள். பதில் சொல்பவர்கள் உண்டு. சில மாநிலங்களில் இளநிலைப் பட்டத்தோடு உதவிச் சிகிச்சையாளராக வேலை பார்க்கலாம். அந்த ஓராண்டு அனுபவம் அடுத்த விண்ணப்பத்துக்கு நல்ல பலம். அடுத்த முறை, போட்டி குறைந்த இடங்களை எட்ஃபைண்டில் தேடி, குறைந்தது மூன்றையாவது சேருங்கள்.

முடிவு எடுத்த அன்று

ஏற்கும் கடிதத்தை அனுப்பி, அவர்கள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வரும் வரை காத்திருங்கள். பிறகு அதே நாளில் மற்ற எல்லா இடங்களுக்கும், காத்திருப்போர் பட்டியல்களுக்கும் எழுதுங்கள்: "இடம் தந்ததற்கு நன்றி. நான் வேறோர் இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டேன். என் இடத்தை விடுவித்துவிடுங்கள்." காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நான் இரண்டாவது துறையை ஏற்ற நாளில், முன்பணம் கட்டிய முதல் துறைக்கு எழுதினேன். காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்த துறைக்கு எழுத மறந்துவிட்டேன். ஏப்ரல் 17 மாலை, எடிசன் ஊரில் மளிகைக் கடையில் கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. இடம் இருக்கிறது, நாளை மறுநாள் வரை யோசித்துச் சொல்லலாம் என்றார் அந்த அம்மையார். வேறிடத்தில் சேர்ந்துவிட்டேன், முன்பே எழுதாததற்கு மன்னியுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. "இப்போதே சொன்னதற்கு நன்றி. இங்கே மணி ஐந்தாகவில்லை, அடுத்த பெண்ணை இன்றே அழைத்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.